பகல் யூனிட், ராத்திரி யூனிட்

ராமநாயக்கன் ஏரிக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில், சர்க்கரை அளவுக்கு அடுத்தபடியாக இப்போது அதிகம் பேசப்படும் எண் கரண்ட் பில். "எனக்கு இந்தத் தடவை ஜீரோ சார்" என்று ஒருவர் சொல்வார். "எனக்கு போன தடவையே ஜீரோ" என்று இன்னொருவர். மொட்டை மாடியில் சோலார் போட்டவர்கள் ஒரு பக்கமாகவும் போடாதவர்கள் ஒரு பக்கமாகவும் நடக்கிற அளவுக்குப் போய்விட்டது. நானும் ஜீரோ கட்சிதான். ஒரு வருடமாக அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த ஜீரோவில் ஏதோ இடிக்கிறது என்று தோன்ற ஆரம்பித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

தோன்ற வைத்தது என் வீட்டுப் பின்பக்க போர்ஷனில் குடியிருக்கும் பெண். கணவன் மனைவி இருவரும் சிப்காட்டில் வேறு வேறு கம்பெனிகளில் வேலை. தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். ஒருநாள் வாடகை கொடுக்க வந்தபோது மேலே பார்த்துவிட்டு, "அங்கிள், மாடியில சோலார் போட்டுட்டீங்களே, எங்களுக்கு யூனிட் ரேட்டு குறையுமா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். "பார்க்கலாம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் அது சாதாரணக் கேள்வி இல்லை என்று உறைத்தது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஆலையில் மின் பராமரிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 2008 நவம்பரில் தொழிற்சாலைகளுக்கு மின்வெட்டும் கட்டுப்பாடும் வந்ததையும், 2012-இல் ஓசூரில் பகலும் இரவும் மணிக்கணக்கில் கரண்ட் போனதையும், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி ஊற்றியே முதலாளிகள் நொந்துபோனதையும் கிட்டத்தில் நின்று பார்த்தவன். மாலை 6 முதல் 10 வரை பெரிய இணைப்புகள் கிரிட்டில் இருந்து பேருக்குத்தான் எடுக்கலாம் என்று விதி. அந்த நான்கு மணி நேரம் எங்கள் ஷாப் முழுக்க டீசல் வாடைதான் அடிக்கும். அதே வருடங்களில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டரும், 150 ஆம்பியர் டியூப்ளர் பேட்டரியும், மாதம் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலையும் வந்து சேர்ந்தன. 2015 வாக்கில் கட்டுப்பாடு போயிற்று. பேட்டரி மட்டும் மாடிப்படிக்கு அடியில் அப்படியே இருக்கிறது. அதற்கு இவ்வளவு சீக்கிரம் மறுபடி வேலை வரும் என்று நினைக்கவில்லை.

கரண்ட் என்றாலே எங்கோ பெரிதாக உற்பத்தியாகி, கம்பியில் வெகுதூரம் வந்து, கடைசியில் நம் வீட்டுக்குள் இறங்குவது என்றுதான் நமக்குப் பழக்கம். இந்தப் பழக்கம் ஆரம்பித்த இடம் நமக்கு மிகவும் பக்கம். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாளில் உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. வரைபடத்தில் அளவுகோல் வைத்து அந்த இரண்டு ஊரையும் நேராக இணைத்துப் பாருங்கள், கோடு நம் தளிக்கு மேலாகவே போகும். பெங்களூரு தெருவுக்கு விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905-இல். சுரங்கத்துக்கு முதலில், மனிதனுக்கு அப்புறம் என்பது அப்போதே இருந்த வழக்கம்தான். இன்றைக்கு ஒடிசாவின் தால்ச்சரில் நிலக்கரியை எரித்துக் கோலாருக்கு அனுப்பி, அங்கிருந்து ஓசூர் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் வரை கம்பி வருகிறது. தூரம் கூடியதே தவிர, திசை மாறவில்லை. மேலிருந்து கீழே வந்துகொண்டே இருந்தது.

இப்போதுதான் முதன்முறையாகத் திசை மாறியிருக்கிறது. பகல் பன்னிரண்டு மணிக்கு எங்கள் தெருக் கம்பியில் கரண்ட் என் வீட்டிலிருந்து வெளியே ஓடுகிறது. என் 3 கிலோவாட் பேனல், நல்ல வெயில் நாளில் 12 யூனிட் கொடுக்கும். ஓசூர் உயரமான, குளிர்ந்த ஊர் என்பதால் பேனல் அதிகமாகச் சூடாகாது. வேலூரில் என் மச்சான் வீட்டுப் பேனலோடு ஒப்பிட்டால் நமக்குக் கொஞ்சம் லாபம்தான். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவ மேகம் வந்து அந்த லாபத்தைத் தின்றுவிடும். மொத்தத்தில் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் சுமார். நாங்கள் மொத்த வீட்டுக்கும் செலவழிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். போனதையும் வந்ததையும் கழித்தால் பூஜ்யம். இதைத்தான் நெட் மீட்டரிங் என்கிறார்கள்.

இந்தக் கழித்தலில்தான் கோளாறு. பகலில் நான் வெளியே தள்ளிய யூனிட்டும், ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே இழுத்த யூனிட்டும் ஒன்று என்று மீட்டர் எடுத்துக்கொள்கிறது. கிரிட்டுக்கு அவை ஒன்று அல்ல. கறவை மாடு வைத்திருப்பவருக்கு இது புரியும். மத்தியானம் ஊரில் எல்லா வீட்டிலும் பால் மிஞ்சும்போது ஒரு லிட்டர் கொடுத்துவிட்டு, கல்யாண வீட்டுக் காலையில் ஒரு லிட்டர் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார்?

மின்சாரத்தைக் கடையில் விற்கும் இடமும் உண்டு, மின் சந்தை என்று பெயர். அங்கே பகலில் சோலார் பொங்கும் நேரத்தில் விலை தரைமட்டத்துக்கு இறங்கும். சூரியன் இறங்கியதும் ஏறி, தட்டுப்பாடான நாட்களில் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்டு நிற்கும். அதுவும் வரம்பு வைத்திருப்பதால்தான் நிற்கிறது. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட் என்ற புது உச்சத்தைத் தொட்டது. அப்படிப்பட்ட கோடையில் பகல் உச்சத்தைச் சோலார் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் மாலை ஆறரை ஆனால் பேனல் எல்லாம் தூங்கிவிடும். நம் ஊரில் அந்த நேரத்தில்தான் கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஜனங்களை இறக்குகின்றன. விளக்கு, டிவி, மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் ஒரே மூச்சில் ஓடும். மார்கழிக் குளிரில் காலை ஆறு மணிக்கு ஊரே கீசரைப் போடும், அப்போதும் சூரியன் வந்திருக்காது. பகலில் சும்மா இருந்த அனல் மின் நிலையம் மாலை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவந்து தோள் கொடுக்க வேண்டும். அனல் கொதிகலன் அப்படி ஓடிவரும் ஜாதி இல்லை என்பது அதன் பக்கத்தில் நின்றவனுக்குத் தெரியும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் ஓரளவுக்கு மேற்பட்ட புது வீடுகளுக்குச் சோலார் வெந்நீர்த் தொட்டி கட்டாயம் என்று வெகுநாளாக விதி உண்டு. அத்திப்பள்ளி தாண்டினால் மாடிக்கு மாடி அந்தத் தொட்டி தெரியும். அதை யாரும் பேட்டரி என்று சொல்வதில்லை. மத்தியான வெயிலை மறுநாள் காலைக் குளியலுக்கு எடுத்து வைப்பது வேறு என்ன? இந்த விஷயத்தில் கன்னடக்காரர்கள் நமக்கு முந்திக்கொண்டார்கள்.

அப்படியானால் பகல் கரண்ட்டை ராத்திரிக்கு யார் எடுத்து வைக்கிறார்கள்? ஆழியாறுக்கு மேலே காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. கரண்ட் மிஞ்சும்போது தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, பற்றாக்குறையின்போது கீழே விட்டு மின்சாரம் எடுப்பது. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். மிச்சத்துக்கெல்லாம் நம்மைப் போன்ற ஜீரோ பில்காரர்கள் மின்வாரியத்தையே பேட்டரியாக வைத்துக்கொண்டிருக்கிறோம். அதுவும் வாடகை இல்லாமல். 2022 கட்டண மாற்றத்தில் வீட்டு இணைப்புகளுக்கு நிலைக்கட்டணத்தையும் எடுத்துவிட்டார்கள். கம்பம், டிரான்ஸ்பார்மர், மழையில் ஏறும் லைன்மேன், மாலைக்குத் தயாராக நிற்கும் மின் நிலையம் எல்லாவற்றுக்கும் நாங்கள் கொடுப்பது சொற்பம். அந்தச் செலவு காணாமல் போவதில்லை. சோலார் போட முடியாதவன் தலையிலோ, அரசு மானியத்திலோ, வாரியத்தின் கடன் கணக்கிலோ போய் உட்காரும். மாடியில் பேனல் போட்ட சிறுதொழில்காரர்களிடம் நெட்வொர்க் கட்டணம் என்று கேட்டார்கள், அவர்கள் சண்டை போட்டு 2023-இல் பாதியாகக் குறைக்க வைத்தார்கள். அப்போது நானும் அவர்கள் பக்கம்தான் பேசினேன். இப்போதும் சிறு பட்டறைக்கு அது பாரம்தான் என்பேன். ஆனால் கம்பிக்குக் காசே கேட்கக்கூடாது என்ற வாதத்தை விட்டுவிட்டேன்.

பாகிஸ்தானில் நடந்ததைப் பாருங்கள். கரண்ட் விலை தாங்காமல் ஜனங்கள் சீனப் பேனலை வாங்கிக் குவித்தார்கள். 2024-இல் மட்டும் சுமார் 17 கிகாவாட் இறக்குமதி. வசதியானவர்கள் கிரிட்டிலிருந்து பாதி விலகிக்கொள்ள, அனல் நிலையங்களுக்குக் கட்ட வேண்டிய பணம் மீதி ஆட்கள் மேல் ஏறியது. அரசு பயந்துபோய் 2025-இல் வீட்டுக்காரர்களிடம் வாங்கும் விலையை அவர்கள் ரூபாயில் 27-லிருந்து 10-ஆக இறக்கப் பார்த்தது. ஒரே கூச்சல். கேரளத்திலும் அதே 2025-இல் நெட் மீட்டரிங் விதியை மாற்றப் போய்ப் பெரிய ரகளை. நமக்கும் அது வரும். மத்திய அரசின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் ஆரம்பித்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம், குறி ஒரு கோடி வீடு. ஒரு கோடி வீடும் என்னைப் போலவே மத்தியானம் தள்ளி மாலையில் இழுத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா?

ஆஸ்திரேலியாவில் யோசித்திருக்கிறார்கள், கொஞ்சம் அடிபட்ட பிறகு. அங்கே மூன்றில் ஒரு வீட்டுக்கு மேல் பேனல் உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் சில பகல்களில் மாநிலத்துக்கு வேண்டிய மொத்தக் கரண்ட்டையும் வீட்டு மாடிகளே கொடுத்துவிடும். மிஞ்சினால் கிரிட் ஆடிப்போகும் என்பதால், அவசரத்தில் தூரத்திலிருந்தே பேனலை அணைக்கும் ஏற்பாடு வைத்தார்கள். பிறகு 2025 ஜூலையில் வீட்டு பேட்டரிக்கு மானியம் தர ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மின் கம்பெனியே வீடுகளில் பேட்டரி வைத்து, உச்ச நேரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மின் நிலையம்போல ஓட்டுகிறது.

இங்கே அந்த பேட்டரியின் கதை என்ன? முதலில், பலருக்குத் தெரியாத ஒன்று. சாதாரணமாக மாடியில் போடும் சோலாருக்கு, கிரிட்டில் கரண்ட் இருந்தால்தான் வேலை. போன மே மாதம் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு ஷட்டவுன் செய்தார்கள். மனைவி சமையலறையிலிருந்து, "ஏங்க, மண்டை பிளக்கிற வெயிலு, மாடி பூரா பேனலு, மிக்ஸி ஓடலையே?" என்றாள். கம்பியில் ஏறி வேலை செய்யும் லைன்மேனை என் வீட்டுக் கரண்ட் கொன்றுவிடக்கூடாது என்பதற்காக, கிரிட் போனதும் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். சரியான ஏற்பாடு. ஆனால் இரண்டு லட்சம் செலவழித்த மனுஷியிடம் அதை விளக்குவது கஷ்டம். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் இருந்தால் வீட்டை மட்டும் பிரித்துக்கொண்டு ஓடும்.

சரி, லித்தியம் பேட்டரி வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன். 5 யூனிட் பிடிக்கும் பெட்டி, எனக்குச் சொன்ன விலை ஒரு லட்சம். ஒரு நாளைக்கு நாலரை யூனிட் பயன்படும். ஆறாயிரம் தடவை ஏற்றி இறக்கலாம் என்கிறார்கள். வகுத்தால் ஒரு யூனிட்டை மத்தியானத்திலிருந்து மாலைக்கு எடுத்துவைக்க 3 ரூபாய் 70 காசு. சந்தையில் மாலை விலை 10 ரூபாய் என்றால் இது நாட்டுக்கு லாபம். ஆனால் எனக்கு? மின்வாரியம் இதே வேலையை எனக்கு இலவசமாகச் செய்துகொடுக்கும்போது, 3 ரூபாய் 70 காசு கொடுத்து நான் ஏன் செய்வேன்? பேட்டரி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். என் பாக்கெட்டுக்கு அது சரியான முடிவுதான். அப்படி ஒரு முடிவைச் சரியாக்குகிற விதி தப்பான விதி.

வேடிக்கை என்னவென்றால், பேட்டரிக்கு நம் மாவட்டத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. டிவிஎஸ் ஐக்யூப், ஏத்தர் இரண்டும் ஓசூரில் செய்கிறார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் ஸ்கூட்டர் ஆலையும் பேட்டரி செல் ஆலையும் இருக்கின்றன. ஒரு ஸ்கூட்டருக்குள் இரண்டு மூன்று யூனிட் கரண்ட் அடங்குகிறது. எங்கள் தெருவிலேயே ஏழெட்டு ஸ்கூட்டர் நிற்கிறது. எல்லோரும் வேலையிலிருந்து வந்ததும் ஏழு மணிக்குச் சார்ஜில் போடுகிறார்கள், அதாவது கிரிட் மூச்சு வாங்கும் அதே நேரத்தில். தப்பு அவர்கள் மேல் இல்லை. மத்தியானம் போட்டாலும் நள்ளிரவில் போட்டாலும் ஒரே விலை என்றால் யார் காத்திருப்பார்கள்? நேரத்துக்கு ஒரு விலை வைக்க வேண்டும், சூரியன் இருக்கும்போது குறைவு, மாலையில் அதிகம் என்று 2023-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ஸ்மார்ட் மீட்டர் வந்தால்தான் வீட்டுக்கு அது வரும். தொழிற்சாலைகள் மாலை நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவோ காலமாகக் கட்டி வருகின்றன. வீட்டுக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே கட்சிகள் எல்லாம் ஓடி ஒளிகின்றன.

என் கட்சி இதுதான். பேனலுக்கு மானியம் கொடுத்தது போதும், விலை இறங்கிவிட்டது. அந்தப் பணத்தை பேட்டரிக்குக் கொடுங்கள். மாலை ஆறு முதல் பத்து வரை வீட்டிலிருந்து கிரிட்டுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு நல்ல விலை வையுங்கள், மத்தியான யூனிட்டுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே போட்டவர்களுக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டு, புதிதாகப் போடுபவர்களுக்கு இதைக் கொண்டுவரலாம். என்னைக் கேட்டால், எனக்கும் கொண்டுவரலாம். கம்பி வாடகை என்று மாதம் இருநூறு ரூபாய் கேட்டால் கொடுக்க நான் தயார். ஏரிக்கரையில் இதைச் சொன்னதற்கு இரண்டு பேர் என்னோடு நடப்பதை விட்டுவிட்டார்கள்.

அடுத்தது கூரை இல்லாதவர்கள். கர்நாடகப் பக்கம் கிருக ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். நமக்கு 2016-லிருந்து இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். ஓசூர் லைன் வீடுகளில் சப்மீட்டர் வைத்து வாழும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்கு இந்த 100 யூனிட்கூட ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். சோலார் மானியமும் கூரை வைத்திருப்பவனுக்குத்தான். எங்கோ ஓரிடத்தில் எல்லோரும் சேர்ந்து பேனல் போட்டு, அவரவர் பில்லில் கழித்துக்கொள்ளும் முறைக்கு டெல்லியில் 2019-லேயே வழி செய்தார்கள். தொழிலாளர் நகரமான ஓசூருக்கு அது ரொம்பத் தேவை. சிப்காட் கூரைகளில் எவ்வளவு இடம்!

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டேன், இனி என் வீட்டுக் கதை. பின்பக்க இரண்டு போர்ஷனுக்கும் சப்மீட்டர்தான். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்கி வந்தேன். மொத்தமும் ஒரே சர்வீஸில் ஓடியதால் மேல் படியில் பில் வந்தது. அந்தப் படிகள் 2024 ஜூலைக்குப் பிறகு 11 ரூபாய் 80 காசு வரை போகும். அதனால் எட்டு நியாயம் என்று நினைத்தேன். சோலார் போட்ட பிறகும் அதே எட்டைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கேட்ட அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செலவு 1,95,000. மானியம் போக 1,17,000. இருபத்தைந்து வருடத்தில் ஒரு லட்சம் யூனிட் பக்கம் வரும். நடுவில் இன்வெர்ட்டர் மாற்றும் செலவையும் சேர்த்தால் யூனிட் ஒன்றரை ரூபாய். அரசு மானியத்தில் ஒன்றரை ரூபாய்க்கு எடுத்து, சிப்காட்டில் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் எட்டு ரூபாய்க்கு விற்றிருக்கிறேன். ஒரு வருடம். மனைவியிடம் சொன்னேன். "அதான் ஜீரோ பில்லு ஜீரோ பில்லுன்னு ஊர் பூரா சொன்னீங்களே" என்றாள்.

தை மாதத்திலிருந்து மாற்றிவிட்டேன். பகல் யூனிட் 2 ரூபாய், மாலை ஆறுக்கு மேல் 5 ரூபாய். சப்மீட்டருக்கு நேரம் தெரியாது, அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் ரீடிங் எழுத வேண்டும். இதைச் சொன்னதும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி, "செகண்ட் ஷிப்ட் வாரம் காலையில வீட்லதான் இருப்பேன் அங்கிள், வாஷிங் மெஷினை பதினோரு மணிக்குப் போட்டா பகல் ரேட்டுதானே?" என்பதுதான். அவள் கணவன் ஸ்கூட்டர் சார்ஜையும் ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு மாற்றிவிட்டான். பக்கத்து போர்ஷன் பையன் மட்டும் நோட்டில் எழுத மறந்துவிடுகிறான். அவனுடையதை நானே போய்ப் பார்த்து எழுதுகிறேன். ஆறு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவது இப்போது என் வேலை.